கப்பல் என்றைக்கு வரும்? விமான நிலையம் இல்லாத டோகெலாவின் அன்றாடம்

விடியும் நேரத்தில் ஃபகாவோஃபோ தீவுக்கு வெளியே கப்பல் வந்து சேர்கிறது. நங்கூரம் போடுவதில்லை. கீழே தரை எட்டாத ஆழத்தில் இருக்கிறது. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, காற்றும் நீரோட்டமும் பாறைப் பக்கம் தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டு, மிதந்தபடியே காத்திருக்கிறது. கரையிலிருந்து ஊர் ஆட்கள் அலுமினியத் தட்டைப் படகை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கப்பலின் விலாவோடு படகு உரசுகிறது. அலை ஏறினால் படகும் தளத்தின் மட்டத்துக்கு எழும்புகிறது. அலை இறங்கினால் ஓர் ஆள் உயரம் கீழே போய்விடுகிறது.

இறங்க வேண்டியவர் விளிம்பில் நிற்கிறார். மேலே இருவர் அவர் கையைப் பிடித்திருக்கிறார்கள், கீழே இருவர் கையை நீட்டிக் காத்திருக்கிறார்கள். படகு உச்சிக்கு வருகிற அந்த நொடியில் காலை எடுத்து வைத்துவிட வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதான பாட்டிக்கும் இதே வழிதான். அரிசி மூட்டை, மாவு, பெட்ரோல் பீப்பாய், பள்ளிக்கூட நோட்டு, மருந்துப் பெட்டி எல்லாம் அப்படியே. ஊருக்குள் இருக்கிற ஒவ்வொரு ஆணியும் ஒரு நாள் இப்படிக் கை மாறி இறங்கியதுதான்.

டோகெலாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தொலைவைச் சொல்வார்கள். சமோவாவிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வடக்கே, பசிபிக் நடுவில், ஒரு நாளுக்கும் மேலான கடல் பயணம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே வாழ்க்கையைக் கடினமாக்குவது அந்த 500 கிலோமீட்டரைவிடக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கிற கடைசிச் சில நூறு மீட்டர்கள்தான் என்பது என் எண்ணம். அந்தச் சில நூறு மீட்டரைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

அடாஃபு, நுகுனோனு, ஃபகாவோஃபோ என்று மூன்று பவள வட்டங்கள். மூன்றின் நிலத்தையும் கூட்டினால் சுமார் 12 சதுர கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேலே நான்கைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த இடம் கிடையாது. 2016 கணக்கெடுப்பின்படி இங்கே வழக்கமாகக் குடியிருப்போர் 1,499 பேர். நியூசிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. நியூசிலாந்து டாலர்தான் பணம், மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். நிலையான தலைநகர் கிடையாது. மூன்று தீவுகளின் தலைவர்களும் ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்து நாட்டுத் தலைவர் பதவியை வகிக்கிறார்கள். யாருடைய முறையோ, அவருடைய தீவுதான் அந்த ஆண்டின் தலைநகர் மாதிரி. விமான நிலையம் மூன்றிலும் இல்லை.

இந்த வட்டங்கள் உருவான விதத்தை 1842-இல் சார்லஸ் டார்வின் விளக்கினார். கடலடியிலிருந்து எரிமலை ஒன்று எழுகிறது. அதன் கரையைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை பல லட்சம் ஆண்டுகளில் மெல்ல அமிழ்ந்துபோகிறது. பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் மலை மறைந்து, அதன் இடத்தில் காயலும் அதைச் சுற்றிப் பவள வளையமும் மிஞ்சுகின்றன. வளையத்தின்மேல் அங்கங்கே மணலும் பவளத் துண்டுகளும் குவிந்த திட்டுகளில்தான் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். லட்சத்தீவும் மாலத்தீவும் இதே வகைதான். டோகெலாவின் சிக்கல் என்னவென்றால், கப்பல் நுழையும் அளவுக்கு ஆழமான வாய் அதன் வளையங்களில் எங்கும் இல்லை. உள்ளே அமைதியான காயல் இருக்கிறது. அதைத் துறைமுகமாகப் பயன்படுத்த வழியில்லை. வெளிப்புறத்திலோ பவளச் சுவர் செங்குத்தாக இறங்குகிறது, அதனால் நங்கூரம் நிற்காது. பாறையை வெடிவைத்துத் தகர்த்துச் சிறு படகுகளுக்கு மட்டும் குறுகிய வாய்க்கால் போட்டிருக்கிறார்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவும் உதவாது. அப்போது கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த தீவைப் பார்க்கப் போய்விடும்.

போக விரும்புகிறவருக்கு வழி ஒன்றுதான். முதலில் சமோவாவின் தலைநகர் ஆப்பியா. டோகெலாவின் கப்பல்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன, அரசு அலுவலகங்களில் பலவும் நெடுங்காலம் அங்கேதான் இயங்கின. அங்குள்ள டோகெலாவ் அலுவலகத்தின் மூலம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கொடுப்பது ஊர்ப் பெரியவர்களின் சபை. தவுபுலேகா என்று அதற்குப் பெயர். ஊரில் எந்த முக்கிய முடிவையும் எடுப்பது அந்தச் சபைதான், வெளியாள் வந்து தங்குவது உட்பட. அப்புறம் கப்பலில் இடம். சொந்த ஊர் திரும்புகிறவர், நோயாளி, ஆசிரியர், அரசு வேலையாக வருகிறவர் எல்லோரும் ஏறிய பிறகு மிஞ்சினால்தான் பயணிக்கு இடம். கப்பல் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகும். மூன்று தீவையும் தொட்டுத் திரும்ப ஒரு வாரம் வரை ஆகலாம். ஆக, ஒரு தீவில் இறங்கினால் அடுத்த கப்பல் வரும்வரை அங்கேதான்.

2016-இல் சேவைக்கு வந்த கப்பலின் பெயர் மதாலிகி. நாம் கார்த்திகை என்று சொல்கிற விண்மீன் கூட்டம்தான் மதாலிகி. டோகெலாவ் மக்களும் அடங்கிய பசிபிக் தீவு மக்களான பாலினீசியர்கள் நெடுங்காலமாக ஆண்டுக் கணக்குக்கும் கடற்பயணத்துக்கும் பார்த்துவந்த விண்மீன்கள் அவை. இன்றைய கப்பலுக்கு வழி காட்டுவது செயற்கைக்கோள். ஆனாலும் இந்தப் பெயர் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஏனென்றால் இந்த மக்கள் கடலுக்குப் பயந்து ஒதுங்கியிருந்தவர்கள் கிடையாது. 1769-இல் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறிய ரையாடேயா தீவின் பாலினீசியக் கடலோடி துபாயா, எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளைத் தன் நினைவிலிருந்து வரைபடமாகக் கொண்டுவந்தார். அவர் மனத்தில் கடல் என்பது ஊர்களை இணைக்கிற பாதை. ‘தொலைதூரத் தீவு’ என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆட்சி அலுவலகம் எங்கேயோ இருக்கிறது, மருத்துவமனை எங்கேயோ இருக்கிறது, சம்பளமும் மாவும் எங்கிருந்தோ வருகின்றன. அந்த ‘எங்கேயோ’விலிருந்து அளந்தால் டோகெலாவ் தூரமாகத்தான் இருக்கும்.

இதே நிலையில் வேறு இரண்டு இடங்களும் இருக்கின்றன. ஒன்று பிட்கெய்ர்ன். 1790-இல் ‘பவுண்டி’ கப்பலின் கலகக்காரர்களும் அவர்களோடு வந்த தஹீட்டியரும் குடியேறிய தீவு. அங்கே பவள வளையம் இல்லை, பாறை மலைதான். ஆனால் துறைமுகமும் இல்லை. தஹீட்டியிலிருந்து விமானத்தில் மங்காரேவா தீவு. அங்கிருந்து 30 மணி நேரத்துக்கும் மேல் கப்பல். கடைசியில் ஊர்க்காரர்களே ஓட்டிவருகிற நீளப் படகு. அலையின் போக்குப் பார்த்து அதன் முதுகில் ஏறிக் கரைக்குள் பாய வேண்டும். 1937-இல் 233 பேர் இருந்த தீவில் இன்று ஐம்பது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். படகைத் தள்ள வலுவான கைகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதே அந்த ஊரின் பெரிய கவலை.

இன்னொன்று குக் தீவுகளில் உள்ள பால்மர்ஸ்டன். 1863-இல் வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்பவர் தன் பாலினீசிய மனைவியரோடு அங்கே குடியேறினார். மூன்று மனைவியர், மூன்று கிளைக் குடும்பங்கள். இன்றும் தீவில் கிட்டத்தட்ட எல்லோரும் அந்த வழிவந்தவர்கள். தனியார் பாய்மரப் படகு ஏதாவது வந்தால், முதலில் எந்தக் குடும்பத்துப் படகு போய் வரவேற்கிறதோ, அந்தக் குடும்பம்தான் வந்தவருக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்குக் கப்பல் எப்போதாவது வருகிற ஊரில் விருந்தாளி எவ்வளவு பெரிய வரவு என்பதற்கு இந்த வழக்கமே போதும்.

டோகெலாவுக்குத் திரும்புவோம். கப்பல் தாமதமானால் கூட்டுறவுக் கடையின் அலமாரி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். மாவு, சர்க்கரை, அரிசி தீரும். ஆனால் பட்டினி வராது. தென்னையும் மீனும் இருக்கின்றன. மண் என்று பார்த்தால் பவளப்பொடிதான். அதில் காய்கறி விளைவிப்பது பெரும்பாடு. குழி தோண்டி, இலைதழை போட்டு மக்கவைத்து, நிலத்தடி ஈரத்தை எட்டி, சேம்பு வகைக் கிழங்கு வளர்க்கிறார்கள். பலாவைப் போல் தோற்றம் கொண்ட ஈரப்பலா உண்டு. மற்றபடி எல்லாம் தேங்காய்தான். தென்னம்பாளையைச் சீவி, காலையும் மாலையும் சாறு இறக்குகிறார்கள். கலேவே என்று பெயர். புதிதாகக் குடித்தால் பதநீர், காய்ச்சினால் பாகு, விட்டுவைத்தால் கள். நம் ஊர்த் தென்னந்தோப்புக்காரருக்கு இதில் விளக்கமே தேவைப்படாது.

1981-இல் வெளியான ஓர் ஆய்வில் டோகெலாவ் மக்கள் உண்ட மொத்த ஆற்றலில் 63 சதவீதம் தேங்காயிலிருந்து வந்ததாகக் கண்டார்கள். அதே ஆய்வில் குக் தீவுகளைச் சேர்ந்த புகாபுகா தீவில் இது 34 சதவீதம். இவ்வளவு தேங்காய்க் கொழுப்புத் தின்றும் இரண்டு தீவிலும் இதயநோய் அரிதாகவே இருந்தது. அதே காலத்தில் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்த டோகெலாவ் மக்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே போனவர்களுக்கு எடை கூடியது, இரத்த அழுத்தமும் நீரிழிவும் கீல்வாதமும் ஊரில் இருந்தவர்களைவிட அதிகமாயின. பிறகு கப்பலில் மாவும் சர்க்கரையும் டின் இறைச்சியும் தாராளமாக வர ஆரம்பித்ததும் அந்த நோய்கள் தீவுக்கும் வந்துவிட்டன. கப்பல் ஒழுங்காக வருவது நல்லதுதான், ஆனால் அது கொண்டுவருவது எல்லாமே நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மீன் விஷயத்தில் டோகெலாவுக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. இனாதி என்கிறார்கள். ஊருக்காகப் பிடித்த மீனைக் கரையோரத்தில் ஓரிடத்தில் கொட்டிப் பங்கு வைக்கிறார்கள். வீட்டில் எத்தனை தலை இருக்கிறதோ அத்தனைக்கும் கணக்கு. படுத்த படுக்கையாய் இருக்கிற தாத்தாவுக்கும் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் சேர்த்து. பிடித்தவனுக்குத் தனிப் பெருமை உண்டு, தனிப் பங்கு கிடையாது. பங்கு தயாரானதும் சிறுவர்கள் கூடையோடு ஓடிவந்து தங்கள் வீட்டுப் பங்கை எடுத்துப் போகிறார்கள். ஆமை போன்ற சிலவற்றை யார் பிடித்தாலும் ஊருக்குத்தான் சேர்க்க வேண்டும். கணவனை இழந்தவள் வீட்டுக்கும் கடலுக்குப் போகிற ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் அடுப்பில் ஒரே நாளில் மீன் வேகும்.

அவுமகா என்று இன்னோர் ஏற்பாடும் இருக்கிறது. உடல் வலுவுள்ள ஆண்கள் அனைவரும் அதில் சேர்த்தி. சபை என்ன வேலை சொன்னாலும் அவர்கள் இறங்குவார்கள். கப்பல் வந்த நாளில் முழு அவுமகாவும் பாறை வாய்க்காலில் நிற்கும். துறைமுகத்துக்குக் கிரேனும் கிடங்கும் எப்படியோ, டோகெலாவுக்கு இந்த ஆட்கள். கடைசிச் சில நூறு மீட்டரைத் தாண்டவைப்பவர்கள் இவர்கள்தான்.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். அதுவரை மின்சாரம் டீசலில்தான். தீவுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 200 லிட்டர். அத்தனையும் பீப்பாய் பீப்பாயாகப் பவளப் பாறையைத் தாண்டி வந்தாக வேண்டும். கப்பல் வராவிட்டால் இருட்டு. அந்த ஆண்டில் மூன்று தீவுக்கும் சூரிய மின்நிலையம் அமைத்தார்கள். 4,032 தகடுகள், 1,344 மின்கலங்கள். கனமான அந்த மின்கலங்களும் உடையக்கூடிய தகடுகளும் ஆடுகிற தட்டைப் படகில் இறங்கித்தான் வந்தன. அந்த அமைப்பு டோகெலாவின் மின்தேவை முழுவதையும் கிட்டத்தட்ட ஈடுகட்டியது. பிறகு ஏர்கூலர், உறைபெட்டி என்று தேவை வளர்ந்தது வேறு கதை. கப்பலை எதிர்பார்த்திருந்த ஒரு பெரிய தேவை ஒரே ஆண்டில் குறைந்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

தண்ணீருக்கு அப்படி ஒரு விடுதலை கிடைக்கவில்லை. ஆறு, ஓடை எதுவும் இல்லாத நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதக்கும். கடலலை உள்ளே புகுந்தால் அதுவும் உப்பாகிவிடும். ஆகவே கூரையில் விழும் மழைதான் குடிநீர். வீட்டை ஒட்டியே சிமெண்ட் தொட்டி. 2011 அக்டோபரில் மாதக்கணக்கில் மழை பொய்த்து, குடிநீர் ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது என்ற நிலை வந்தபோது அவசர நிலை அறிவித்தார்கள். கடல் சூழ்ந்த நாட்டுக்கு வெளியிலிருந்து கப்பலில் குடிதண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரும் அதே பாறையைத் தாண்டித்தான் வந்திருக்கும்.

ஒவ்வொரு தீவிலும் சிறிய மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சல், காயம், சாதாரணப் பிரசவம் பார்ப்பார்கள். அதைத் தாண்டினால் ஆப்பியா. அங்கும் முடியாவிட்டால் நியூசிலாந்து. அவசர நோயாளியைப் படகில் ஏற்றி, பாறை வாய்க்காலைக் கடந்து, ஆடும் கப்பலுக்குத் தூக்கி, ஒரு நாள் பயணம் போக வேண்டும். வயிற்றுக்குள் குடல்வால் வெடித்த ஒருவருக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்றால் என்ன என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. இந்தத் தனிமையே காப்பாற்றியதும் உண்டு: கொரோனா உலகத்தைச் சுற்றி வந்து கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் ஆகும்வரை, 2022 டிசம்பர் வரை, டோகெலாவுக்குள் அது வரவில்லை. தடுப்பூசி அதற்கு முன்பே, 2021-இல், நியூசிலாந்துக் கடற்படைக் கப்பலில் போய்ச் சேர்ந்துவிட்டது.

தீவுக்கும் தீவுக்கும் நடுவிலும் கடல்தான். அடாஃபுவுக்கும் நுகுனோனுவுக்கும் இடையே 90 கிலோமீட்டருக்கு மேல். ஒரு தீவிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியாது. 2010 அக்டோபரில் அடாஃபுவைச் சேர்ந்த மூன்று பதின்வயதுப் பையன்கள் சிறிய அலுமினியப் படகில் கிளம்பி வழிதவறினார்கள். தேடினார்கள், கிடைக்கவில்லை. ஊரில் அவர்களுக்காக இரங்கல் வழிபாடும் நடந்துவிட்டது. ஐம்பது நாள் கழித்து, ஃபிஜிக்கு அருகே ஒரு சூரைமீன் பிடிக்கும் கப்பல் அவர்களை உயிரோடு கண்டது. கையில் இருந்த சில தேங்காய், பச்சை மீன், ஒரு கடற்பறவை, படகில் தேங்கிய மழைநீர், இவற்றில் உயிரைப் பிடித்துவைத்திருந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் மிதந்திருந்தார்கள். அந்தச் செய்தி அடாஃபுவுக்கு எட்டியபோது ஊர் எப்படி அழுதிருக்கும், எப்படிச் சிரித்திருக்கும்!

இத்தனைக்கும் நடுவில் போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 1863-இல் பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக் கப்பல்கள் வலுவானவர்களை அள்ளிக்கொண்டு போனது பழைய காயம். 1966-இல் வந்த சூறாவளிக்குப் பிறகு நியூசிலாந்தில் குடியேறுவது வேகம் பிடித்தது. 2018-இல் நியூசிலாந்தில் தங்களை டோகெலாவ் மக்கள் என்று பதிந்தவர்கள் 8,676 பேர். ஊரில் இருப்பவர்களைப்போல் ஐந்தாறு மடங்கு. தன்னாட்சி வேண்டுமா என்று 2006-இலும் 2007-இலும் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு தேவை. முதல்முறை 60 சதவீதம், இரண்டாம் முறை 64. அந்த இரண்டாம் முறை தேவையான அளவுக்கு வெறும் 16 வாக்குதான் போதவில்லை. நியூசிலாந்தோடு உள்ள கயிறு தளர்ந்தால் கப்பலும் மருத்துவமும் என்ன ஆகும் என்ற அச்சம் அந்த வாக்குகளில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கயிற்றுக்காக நாள்காட்டியையே மாற்றினார்கள். முன்பு டோகெலாவில் வெள்ளிக்கிழமை என்றால் நியூசிலாந்தில் சனிக்கிழமை, அலுவலகம் பூட்டியிருக்கும். 2011 டிசம்பர் 30 என்ற தேதியை சமோவாவோடு சேர்ந்து டோகெலாவும் தாண்டிக் குதித்தது. 29-ஆம் தேதி இரவு தூங்கி 31-ஆம் தேதி காலை எழுந்தார்கள்.

விமான ஓடுதளம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. ஒல்லியான திட்டுகளில் ஓடுதளம் போடுவதென்றால் தென்னையை வெட்ட வேண்டும், காயலையோ பாறைத் திட்டையோ தூர்க்க வேண்டும். மூன்றில் எந்தத் தீவில் போடுவது என்ற கேள்வியும் வரும். ஒன்றில் போட்டாலும் மற்ற இரண்டுக்கும் படகுதான். என்னைக் கேட்டால், நோயாளிக்காக ஓடுதளம் வந்தே ஆக வேண்டும். ஆனால் அதற்குமுன், கைக்குழந்தையோடு ஒரு தாய் பயமில்லாமல் இறங்கும்படி மூன்று தீவின் பாறை வாய்க்காலும் இறங்குதுறையும் சீராக வேண்டும். எல்லோரும் எல்லாப் பயணத்திலும் கடப்பது அதைத்தான்.

2022-இல் கடலடி இணையக் கம்பி டோகெலாவை எட்டியது. இப்போது ஃபகாவோஃபோவில் இருக்கிற பாட்டி வெலிங்டனில் இருக்கிற பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. பேத்தி ஊருக்கு வருகிறேன் என்றால் பாட்டி கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை: எந்தக் கப்பலில் இடம் கிடைத்தது?